‘ங்க’ போட்டால் நிற்காத பஸ்

போன செவ்வாய்க்கிழமை என் மகள் பூங்கொடி ஒரு பஸ்ஸைப் பள்ளத்தில் உருட்டிவிட்டாள். அதுவும் எப்போது? மலைக்குக் கீழே மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி, அவள் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது.

பதற வேண்டாம். பூங்கொடி ஏழாம் வகுப்புதான் படிக்கிறாள். அவள் உருட்டியது கம்ப்யூட்டர் திரைக்குள் ஓடுகிற பஸ். டிரைவர் இல்லை, கண்டக்டர் இல்லை, உயிர்ச்சேதமும் இல்லை. ஆனாலும் அந்த அறையில் நின்றிருந்த எங்களுக்கு அது நிஜ விபத்துதான். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில், நான் அங்கே என்ன செய்துகொண்டிருந்தேன்?

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் சுபாவம் தெரியும். பஸ்ஸில் டிக்கெட் கேட்கவே இரண்டு முறை தொண்டையைச் செருமிக்கொள்கிற ஆள் நான். பத்தாவது வரை படித்தேன். அந்தப் பத்து வருடத்தில் வகுப்பில் கை தூக்கியது, தண்ணீர் குடிக்கப் போக அனுமதி கேட்பதற்கு மட்டும்தான். ‘பிறகு எப்படி வாராவாரம் இவ்வளவு பேசுகிறீர்கள்?’ என்று ஒரு வாசகி கேட்டு எழுதியிருந்தார். காகிதம் திரும்பி என் முகத்தைப் பார்ப்பதில்லை... அதனால்தான்.

இப்படிப்பட்ட என்னைத்தான் எங்கள் ஊர் நடுநிலைப்பள்ளியின் மேலாண்மைக் குழுவுக்குத் தலைவி ஆக்கினார்கள். காரணம் எளிது. கூட்டத்தில் என் பெயரைச் சொன்னபோது, வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எங்கள் பள்ளிக்கு ஆறு கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கி மூன்று வருடம் ஆகிறது. வந்த அன்றைக்குப் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி, ஓர் அறைக்குள் வைத்துப் பூட்டினோம். தூசி படக் கூடாதே என்று மேலே பழைய வேட்டிகளைப் போர்த்தினோம். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. பிள்ளைகள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார்கள். உள்ளே ஆறு பேர் வரிசையாகப் போர்த்திக்கொண்டு தூங்குவது மாதிரி இருக்கும்.

போன ஜூனில் ஸ்டெல்லா டீச்சர் மாற்றலாகி வந்தார். தென்கோடியில் கடற்கரைப் பக்கத்து ஊர்க்காரர். அறிவியல் டீச்சர். வந்ததும் செய்த முதல் வேலை, அந்த வேட்டிகளை உருவியது.

“இதுக்கு எதுக்கு வேட்டி? குளிருதா அதுக்கு?” என்று கேட்டார்.

குளிர்ந்தது அவருக்குத்தான். ஜூன் மாதத்திலேயே இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தார்.

கம்ப்யூட்டர் சொல்லித்தருவது அவர் வேலை இல்லை. தனக்குக் கிடைக்கிற ஓய்வு வேளைகளை அதற்குக் கொடுத்தார். கம்ப்யூட்டர் பாடம் என்றால் டைப் அடிப்பது, பூப்படம் வரைவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். டீச்சர் வேறு வழியில் போனார். திரையில் ஒரு மலைப்பாதை. அடிவாரத்தில் ஒரு பஸ். உச்சியில் எங்கள் மலையின் பெரிய ஊரான செம்மேடு. பிள்ளைகள் தமிழில் கட்டளையை அடித்தால் பஸ் கேட்டு நடக்கும். ‘போ’ என்றால் போகும். வளைவு வந்ததும் ‘திரும்பு’ என்று அடிக்க வேண்டும். வழியில் பாறை உருண்டு கிடந்தால் ‘நில்’. நின்றால் ஒரு ஜேசிபி வந்து பாறையைத் தள்ளிவிட்டுப் போகும். நிற்காவிட்டால்... பள்ளம்.

இதை எல்லாம் டீச்சரே உட்கார்ந்து எழுதியிருந்தார். எழுதியதைப் பிள்ளைகளுக்குத் திறந்து காட்டி, இந்த வரி இருப்பதால்தான் பஸ் திரும்புகிறது, இந்த வரி இருப்பதால்தான் நிற்கிறது என்று விளக்கவும் செய்தார்.

முதல் நாள் பஸ் கிளம்பவே இல்லை.

ஆறு திரையிலும் ஒரே பதில்: ‘புரியவில்லை’. டீச்சர் ஒவ்வொரு கம்ப்யூட்டராகக் குனிந்து பார்த்தார். ஆறிலும் பிள்ளைகள் ஒரே மாதிரி அடித்திருந்தார்கள்.

‘போங்க.’

எங்கள் மலையைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ‘ங்க’ இல்லாமல் எங்களுக்கு வாய் திறக்காது. பெற்ற பிள்ளையையே “சாப்புட வாங்க சாமி” என்றுதான் கூப்பிடுவோம். நான் இன்னும் ஒருபடி மேல். மாட்டைக் கட்டும்போது அது வழியில் நின்றால், “கொஞ்சம் தள்ளுங்க” என்பேன். என் வீட்டுக்காரர் இதை ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தாகிவிட்டது.

“எதுக்கு எல்லாரும் ‘போங்க’ன்னு அடிச்சிருக்கீங்க? வெறும் ‘போ’ன்னு அடிங்க” என்றார் டீச்சர்.

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் கையும் நகரவில்லை. கடைசியில் பூங்கொடிதான் வாயைத் திறந்திருக்கிறாள். (என் மகள்தானா என்று எனக்கே சில நேரம் சந்தேகம் வரும்.)

“எப்படிங்க டீச்சர்... அதப் போயி வா, போன்னு?”

“அது மெஷின் பிள்ள. அதுக்கு மரியாதையெல்லாம் தெரியாது.”

“தெரியாதுன்னா நாம சொல்லிக் குடுக்கலாங்களே டீச்சர்.”

இதை டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னபோது, “அதுக்கு மேல எனக்குப் பேச்சே வரல பாத்துக்கோங்க. நான் பாடம் எடுக்க வந்தேனா, படிக்க வந்தேனான்னு ஆயிட்டு” என்றார். நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? “காபி குடிங்க டீச்சர்.” சந்தோஷம் அதிகமானால் எனக்கு அந்த ஒரு வாக்கியம்தான் வரும்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் எங்கள் வீட்டில் இதே பேச்சு. கட்டளையின் கடைசியில் ‘ங்க’ இருந்தால் அதை வெட்டிவிடு, மிச்சம் இருப்பதைப் படி. இதுதான் பூங்கொடி கம்ப்யூட்டருக்குச் சொல்லித்தர நினைத்த விஷயம். கேட்க ஒரு வரி. எழுத ஒரு மாதம். டீச்சர் வழி சொன்னார். விரல் நோக அடித்துப் பார்த்தவள் இவள். எங்கேயோ ஒரு புள்ளி தப்பிவிட்டது என்று மூன்று நாள் சோறு இறங்காமல் திரிந்தாள். நான்காம் நாள் சாயங்காலம் ஓடிவந்தாள்.

“அம்மா, ‘போங்க’ன்னாலும் போகுதும்மா. ‘திரும்புங்க’ன்னாலும் திரும்புது. நாம ‘ங்க’ போட்டுக்கலாம், அதுக்கு மட்டும் காதுல உழுகாது.”

“உங்கம்மா பேசறதே எனக்கு அப்படித்தான் கண்ணு கேக்குது” என்றார் என் வீட்டுக்காரர்.

அந்தக் கம்ப்யூட்டராவது ‘ங்க’வை மட்டும்தான் வெட்டுகிறது. இவர் மொத்தத்தையும் அல்லவா வெட்டுகிறார்... இதை மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

இன்னொன்றும் நடந்தது. எங்கள் மலைப்பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவு என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அத்தனையும் வரைய டீச்சருக்குப் பொறுமை இல்லை, ஏழோடு நிறுத்தியிருந்தார். “மீதி அறுவத்தி மூணு எங்கீங்க டீச்சர்?” என்று கேட்டிருக்கிறாள் இவள். “வரைஞ்சா கை ஒடிஞ்சிரும் பிள்ள” என்றாராம். “வரைய வேண்டாமுங்க. இந்த ஏழையே பத்து வாட்டி வரச் சொல்லுங்க.” செய்ததையே திரும்பத் திரும்பச் செய்ய வைப்பது அந்தப் பாடத்தில் பெரிய சங்கதியாம். அடுத்த மாதம் சொல்லித்தரலாம் என்று டீச்சர் எடுத்து வைத்திருந்தாராம். மறுபடியும் எங்கள் வீட்டுக்கு வந்தார். மறுபடியும் காபி.

இந்தச் சமயத்தில்தான் அந்தக் கடிதம் வந்தது.

பயன்படுத்தாமல் கிடக்கும் கம்ப்யூட்டர்களை அடிவாரத்தில் உள்ள ஒரு பெரிய பள்ளிக்கு மாற்றப்போகிறார்கள். அதற்கு முன் அதிகாரி நேரில் வந்து பார்ப்பார். மேலாண்மைக் குழுத் தலைவியும் இருக்க வேண்டும்.

தலைமையாசிரியர் கடிதத்தை என் கையில் கொடுத்தபோது அதை இரண்டு முறை படித்தேன். அதிகாரிக்கு எதிரே நிற்க வேண்டுமே என்ற பயம் ஒரு பக்கம். அது மட்டுமென்றால் சமாளித்திருப்பேன். எனக்கு நினைவுக்கு வந்தது என் மூத்த மகள் செல்வி.

செல்வி பத்தாவது முடித்ததும், கம்ப்யூட்டர் பாடம் உள்ள குரூப்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். எங்களுக்குக் கிட்டத்தில் அந்த குரூப் இல்லை. கீழே ஒரு பள்ளியில் சேர்த்து, ஹாஸ்டலில் விட்டு வந்தோம். தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. என் மகளாயிற்றே, எங்கிருந்து பேசுவாள்? பொங்கலும் கழிந்த பிறகு ஒருநாள் மிளகு உலர்த்தும்போது தானாகச் சொன்னாள். முதல் நாள் கம்ப்யூட்டர் அறையில் எல்லோரும் மளமளவென்று ஆரம்பித்துவிட்டார்களாம். இவளுக்கு மவுஸை இரண்டு முறை அழுத்த வேண்டும் என்றே தெரியாது. ஒரு முறை அழுத்திவிட்டு, திறக்கும் திறக்கும் என்று வகுப்பு முடிகிற வரை காத்திருந்தாளாம். பக்கத்துப் பெண்ணிடம் கேட்க வெட்கம்.

மற்ற பிள்ளைகள் ஆறாவதிலிருந்தே தொட்டுப் பழகியவர்கள். இவள் பதினோராவதில் முதல் முறையாகத் தொடுகிறாள். ஐந்து வருடத்து ஓட்டத்தை ஒரே நாளில் யாரால் ஓட முடியும்? இப்போது செம்மேட்டில் ஒரு துணிக்கடையில் சேலை மடித்துக்கொண்டிருக்கிறாள்.

அதே வழியில் பூங்கொடியும் போக வேண்டுமா? அந்தக் கடிதத்தைப் படித்தபோது எனக்குள் ஓடியது இந்த ஒரு கேள்விதான்.

செவ்வாய்க்கிழமை காலை ஜீப் வந்தது. அதிகாரி இறங்கினார். வெளிறிய முகம், கையில் எலுமிச்சம்பழம். எழுபது வளைவும் அவரை ஒரு வழி பண்ணியிருந்தது. பாவமாக இருந்தது. சுக்குக்காபி கொடுத்தோம். ஒரு மிடறு குடித்துவிட்டுப் பேச ஆரம்பித்தார். கோபமாகப் பேசவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

“கீழே ஒரு கம்ப்யூட்டருக்கு அஞ்சு பிள்ளைங்க முட்டிமோதி உக்காந்திருக்காங்க. இங்க ரெண்டு வருஷத்துக்கு மேல துணி போத்தி வச்சிருந்திருக்கீங்க. அந்தப் பிள்ளைங்களும் பிள்ளைங்கதானே?”

நியாயம்தானே?

“இப்ப நடக்குது சார். ஒருதடவ நீங்க பாக்கணும்” என்று ஸ்டெல்லா டீச்சர் பூங்கொடியை உட்கார வைத்தார். திரை விழித்தது. மலைப்பாதை தெரிந்தது.

“மறுபடியும் வளைவா?” என்று எலுமிச்சம்பழத்தை முகர்ந்தார் அதிகாரி.

பூங்கொடி அடித்தாள். ‘போங்க.’ பஸ் கிளம்பியது. அதிகாரி கொஞ்சம் குனிந்தார். ‘திரும்புங்க.’ திரும்பியது. “இது என்னம்மா, ‘ங்க’ எல்லாம் போடுறே?” என்று கேட்டார். “மரியாதைங்க சார்” என்றாள் இவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். அவர் உதட்டோரம் லேசாக அசைந்தது. டீச்சர் முகத்தில் வெளிச்சம் வந்தது. எனக்கும் மூச்சு வந்தது.

நான்காவது வளைவில் பாறை.

‘நில்லுங்க.’

பஸ் நிற்கவில்லை. பாறையில் மோதி, ஓரத்தில் சரிந்து, குட்டிக்கரணம் போட்டுக்கொண்டு பள்ளத்தில் இறங்கியது.

மறுபடி ஆரம்பித்தாள். மறுபடி பாறை. ‘நில்லுங்க.’ மறுபடி பள்ளம்.

“நேத்து வர நின்னுச்சே சார்...” என்றார் டீச்சர். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பூங்கொடியின் காது மடல் சிவந்தது. அழுகையை அடக்கினால் அவளுக்கு முதலில் காதுதான் சிவக்கும். செல்விக்கும் அப்படித்தான்.

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் எனக்குத் தெரியாது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். பஸ் விழுந்த இடத்துக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது.

‘நில்லு — புரியவில்லை.’

நில்லு.

தொண்டையைச் செருமினேன். இன்னொரு முறை செருமினேன்.

“ஏங்கண்ணு... ‘ங்க’வ வெட்டுனா ‘நில்லு’ன்னுதான மிச்சம் நிக்குது? டீச்சரு எழுதி வெச்சது வெறும் ‘நில்’தானுங்களே?”

அறையில் இருந்த எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். பூங்கொடி மட்டும் திரையின் பக்கம் திரும்பினாள். அவ்வளவுதான், அதற்கு மேல் அவளுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. டீச்சர் எழுதிய வரிகளுக்குள் போனாள், ஒரு வரி சேர்த்தாள்: ‘நில்லு’ என்று மிஞ்சினாலும் நின்றுவிடு. வெளியே வந்தாள். போங்க. திரும்புங்க. பாறை. நில்லுங்க.

நின்றது. ஜேசிபி வந்தது. பாறையைத் தள்ளியது.

“ஜேசிபி வேற வருதா” என்றார் அதிகாரி. இந்த முறை சிரித்தே விட்டார்.

நேற்று வரை எப்படி நின்றது என்றுதானே கேட்கிறீர்கள்? பழகும்போது பாறையைக் கண்டதும் பிள்ளைகள் அவசரத்தில் ‘நில்’ என்று அடித்திருக்கிறார்கள். பள்ளத்தின் விளிம்பில் யார் மரியாதை பார்ப்பார்கள்? அதிகாரி நிற்கிறாரே என்ற பயத்தில்தான் பூங்கொடி பாறைக்கு முன்னாலும் மரியாதை தவறாமல் நடந்துகொண்டாள்.

“இதெல்லாம் யாரும்மா சொல்லிக் குடுத்தது?”

“டீச்சருங்க சார். கடைசி வரி மட்டும் எங்கம்மாங்க.”

“அம்மா என்ன படிச்சிருக்கீங்க?”

சுவருக்குள் புகுந்துகொள்ளலாம் போல இருந்தது. “பத்தாவதுங்க” என்றேன். அதோடு வாயை மூடியிருக்க வேண்டும். ஆனால் திறந்தது மூடவில்லை.

“எம் மூத்த புள்ள கம்ப்யூட்டர் குரூப்பு சேந்து பாதியில வந்துட்டாளுங்க சார். அவளுக்கு மண்டையில ஒண்ணுமில்லாம இல்லீங்க. மவுஸு புடிக்கத் தெரியல, கேக்க வெக்கம். ஆறாவதுலயே இப்படி ஒரு பஸ்ஸ ஓட்டியிருந்தா அவ திரும்பி வந்திருக்க மாட்டாளுங்க. கீழ இருக்கறதும் புள்ளைங்கதானுங்க, அவங்களுக்கும் வேணுமுங்க... அதுக்கு இங்கிருந்துதான் எடுக்கோணுமுங்களா?”

என் வாழ்நாளில் ஓர் அதிகாரியிடம் நான் பேசிய முதல் பேச்சு இது. பேசி முடித்ததும் என்ன செய்வதென்று தெரியாமல், “காபி குடிங்க சார்” என்றேன். அவர் கையில் ஏற்கெனவே காபி இருந்தது.

அவர் காபியைக் கீழே வைத்தார். நோட்டில் ஏதோ எழுதினார். பிறகு ஸ்டெல்லா டீச்சரைப் பார்த்து, “இந்த மலையிலேயே அரியூர் நாட்டுப் பக்கம், குண்டூர் நாட்டுப் பக்கம் இருக்கிற பள்ளிக்கூடங்களுக்கும் இதைக் கொண்டுபோய்க் காட்ட முடியுமா?” என்று கேட்டார். டீச்சர் சரி என்று சொல்வதற்குள் பூங்கொடி, “நானும் வாரேனுங்க” என்றாள்.

வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். நாம் மரியாதையாக ஒன்றைச் சொல்கிறோம். கேட்கிறவர் மரியாதையை வெட்டிவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொள்கிறார். அந்த மிச்சம் நாம் சொல்ல வந்ததுதானா என்று யார் பார்க்கிறார்கள்? எத்தனை வீட்டில், எத்தனை ஆபீசில் பஸ் இப்படிப் பள்ளத்தில் இறங்குகிறது. அங்கேயும் ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி ஓடிக்கொண்டுதான் இருக்கும்... நாம்தான் படிப்பதில்லை. கம்ப்யூட்டர் பாடம் என்பது பிள்ளைகளை மெஷினுக்கு முன் உட்கார வைப்பது என்று நினைத்திருந்தேன். சொன்னது ஏன் நடக்கவில்லை என்று கோபப்படாமல் தேடிப் பார்க்கிற பழக்கமும் அதில் சேர்ந்தே வருகிறது. பதினோராவது வரை அதற்குக் காத்திருப்பானேன்?

அன்று சாயங்காலம் செல்வி கடையிலிருந்து வந்தாள். நடந்ததைச் சொன்னேன், அவளைப் பற்றி அதிகாரியிடம் சொன்னதையும் பயந்துகொண்டே சொன்னேன். முகம் கழுவிவிட்டு வந்தாள். தங்கை பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“அந்த ‘ங்க’வ எப்படிடீ வெட்டுனே?”

பூங்கொடி நோட்டை எடுத்து எழுதிக் காட்ட ஆரம்பித்தாள். நோட்டில் எவ்வளவு தூரம் காட்ட முடியும்? சனிக்கிழமை பள்ளிக்கு வரட்டும் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். கடையில் அரைநாள் லீவு கேட்டிருக்கிறாள் செல்வி. தானாகவே வாய் திறந்து கேட்டிருக்கிறாள்.

ஆமாம், அதிகாரி என்ன முடிவு சொன்னார்?

வந்ததிலிருந்து எங்களிடம் ‘சொல்லும்மா’, ‘சரி’, ‘பாக்கலாம்’ என்றே பேசிக்கொண்டிருந்தவர் அவர். வேறு மாவட்டத்துக்காரர், எங்களைப் போல ஒவ்வொரு சொல்லுக்கும் ‘ங்க’ ஒட்டுகிற பழக்கம் இல்லாதவர். ஜீப்பில் ஒரு காலை வைத்துவிட்டார். தலைமையாசிரியர் பின்னாலேயே போய், “சார்... கம்ப்யூட்டரு?” என்று இழுத்தார். எழுபது வளைவு இறங்க வேண்டிய கவலையில் எலுமிச்சம்பழத்தை மூக்கருகே வைத்தபடி, திரும்பிப் பார்க்காமல் ஒரே ஒரு சொல் சொன்னார்.

“இருக்கட்டுங்க.”

“அம்மா, அதுல ‘ங்க’வ வெட்டுனா ‘இருக்கட்டு’ன்னு மிஞ்சும். அது நம்ம லிஸ்டுலயே இல்லீங்களே” என்றாள் பூங்கொடி, ஜீப் மறைந்ததும்.

இல்லைதான். ஆனாலும் ஆறு கம்ப்யூட்டரும் அந்தக் கட்டளைக்கு மட்டும் ஒரு தவறும் இல்லாமல் கீழ்ப்படிந்திருக்கின்றன.